கேசிங்குக்கும் அளவு எடுக்கணும்லா

போன மாசம் சின்னதா ஒரு கேமிங் பிசி கட்ட, பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். மேசையும் சின்னது, பட்ஜெட்டும் சின்னது. கடைக்காரர் பிசி பாகமெல்லாம் உள்ள வைக்க ஒரு குட்டி கேசிங்கும், "சீப் அண்ட் பெஸ்ட்"னு ஒரு கிராபிக்ஸ் கார்டும் எடுத்து வெச்சார்.

"இது உள்ள போகுமா பாஸ்?"

"கவலைப்படாதீங்க அக்கா, கண்டிப்பா போகும்லா."

வீட்டுக்கு வந்து பார்த்தா, கார்டு நாலு விரல் நீளம் ஜாஸ்தி. திருப்பிக் கொடுக்கப் போனா, "பெட்டிய திறந்துட்டீங்களே, எடுக்க முடியாது."

வயித்தெரிச்சலோட வந்தேன்.

பிளவுஸ் தைக்கிறதுதான் என் தொழில். இன்னைக்குக் கழுத்துல டேப்போட அதே கடைக்குப் போனேன். ஒரு இளம் ஜோடி முன்னால அதே கேசிங், அதே கார்டு, அதே "கண்டிப்பா போகும்லா."

கேசிங் உள்ள டேப்ப வெச்சு அளந்தேன். அப்புறம் கார்டு பெட்டியில போட்டிருந்த நீளத்த விரலால காட்டினேன்.

ரெண்டு பேரும் பக்கத்துக் கடைக்குப் போயிட்டாங்க.

"ஏன்க்கா இப்படிப் பண்றீங்க?"

"கவலைப்படாதீங்க பாஸ். அடுத்த சனிக்கிழமையும் கண்டிப்பா வருவேன்."

யாரெல்லாம் கூட வரீங்க? டேப் என்கிட்ட நிறைய இருக்கு.