தேம்ஸ் நதிக்குப் போன தும்புக் கயிறு

மகாஜனங்களே, வலது கையை உயர்த்திச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் தொடங்குகிறேன்: இனி நீங்கள் வாசிக்கப் போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டீர்கள். என் மனைவி புஷ்பம் இதில் கால்வாசிக்கு நேரடிச் சாட்சி. அவளே நம்பவில்லை. ஆகவே நம்பாமலே வாசியுங்கள். ரெயின் நேரங்களையும் கட்டணத்தையும் மட்டும் நம்பலாம். அவற்றில் பொய் சொன்னால் எனக்குச் சோறு செமிக்காது.

பயணம் நடந்தது ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை. காரணம் என் தங்கச்சியின் மகள் ஆரணி. பிள்ளைக்கு இருபத்தாறு வயது, சினிமாவில் வேலை. நடிகை அல்ல. படத்துக்கு வேண்டிய சாமான்களைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்கும் பகுதியில், ஆறு மாதத் தவணைக்கு எடுத்திருந்தார்கள். படம் ஒரு சரித்திர சாகசம். பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் ஒரு தீவு, வெள்ளைக்காரனின் கப்பல் இன்னும் எட்டிப் பார்க்காத காலம். பஞ்சம் வருகிறது. ஒரு பெண்ணின் தலைமையில் பன்னிரண்டு பேர் நட்சத்திரத்தைப் பார்த்துப் படகோட்டிப் புதுத் தீவு தேடிப் போகிறார்கள். பெயரைச் சொல்லமாட்டேன் என்று என்னிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வாங்கிய பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

காலை 8.10க்குப் போன் அடித்தது. நான் லண்டனில், என் கோலியர்ஸ் வுட் அரண்மனையில் (மூன்று அறை, ஒரு குளியலறை) தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, உங்கட பாவக்காய்ப் பந்தலுக்கு வாங்கின கயிறு இன்னும் கிடக்கோ?"

கிடந்தது. சவுத்தாலில் மலிவாகப் போட்டிருந்தார்கள் என்று ஆறு உருளை வாங்கிவந்திருந்தேன். ஒவ்வொன்றும் இருபத்தைந்து மீற்றர், அசல் தேங்காய்த் தும்புக் கயிறு. நட்டிருந்ததோ இரண்டு பாவற்கன்று. "இவ்வளவு கயிறும் என்னத்துக்கு? கப்பல் கட்டப் போறீங்களோ?" என்று புஷ்பம் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓம், கிடக்கு. ஏன் பிள்ளை?"

விசயம் இதுதான். அந்தத் தீவுக்காரரின் படகில் ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை, கட்டைக்குக் கட்டை, எல்லாம் தேங்காய்த் தும்புக் கயிற்றால் கட்டுவதுதான். ஆரணி படத்தைப் பார்த்து இணையத்தில் கயிறு ஓர்டர் பண்ணியிருக்கிறாள். வந்து இறங்கியது தும்பு நிறம் பூசிய நைலோன். தீவிலிருந்து ஆலோசனைக்கு வந்திருக்கும் பெரியவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதால் படகு கட்டமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாராம்.

"மூண்டு மணிக்குப் படகு தண்ணியில இறங்க வேணும் மாமா. பாரந்தூக்கி இண்டைக்கு மட்டுந்தான். இறங்காட்டி என்னை நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவினம்." பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏலாதெண்டால் பரவாயில்லை" என்றாள்.

அழுகிற பிள்ளை என்றால் எனக்குப் பயமில்லை. பரவாயில்லை என்று சொல்கிற பிள்ளை என்றால்தான் பயம்.

கார் திருத்தக் கொடுத்து கராஜில் கிடந்தது. ராக்சிக்குப் போன் எழுபத்தெட்டுப் பவுண்ஸ் காட்டியது. அந்தக் காசுக்கு நான் அந்தத் தீவையே வாங்கிவிடுவேன். ஆகவே ரெயின். சந்தைக்கு இழுத்துக்கொண்டு போகும், இரண்டு சக்கரம் வைத்த சில்லுப் பையை எடுத்து நாலு உருளையை அடியில் வைத்தேன். அதற்குள் புஷ்பம் குசினியிலிருந்து வந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை காலமை ஒண்டும் சாப்பிட்டிருக்காது. இதையும் கொண்டுபோங்கோ."

புட்டும் கணவாய்க் கறியும். எங்கள் சனம் வீட்டு வாசலைத் தாண்டினால் சாப்பாட்டுப் பெட்டியோடுதான் தாண்டும். ஆஸ்பத்திரியானாலும் சரி, விமான நிலையமானாலும் சரி, படப்பிடிப்பானாலும் சரி. பெட்டி ஆடாமல் இருக்க அதை நாலு உருளைக்கு மேலே வைத்து, மிச்ச இரண்டு உருளையால் மூடினேன். அந்த நேரத்தில் அது பெரிய ராஜதந்திரமாகத் தெரிந்தது.

கோலியர்ஸ் வுட் ஸ்ரேஷனுக்கு 9.22க்கு வந்தேன். கோலியர்ஸ் வுட்டில் லிஃப்ற் இல்லை, பாரம் உள்ளவர்கள் கவனம். நிறுத்துப் பார்த்தபோது பை பதினொரு கிலோ. மனதுக்கு ஒரு யானைக்குட்டி. 9.30க்கு முன் கார்ட்டைத் தட்டினால் கட்டணம் கூடுதல். தலை போகிற அவசரத்திலும் ஒன்பது நிமிடம் வாசலில் நின்றேன். 9.31க்குத் தட்டியபடியால் 3 பவுண்ஸ் 20 பென்ஸ். நீங்கள் போகும்போது கூட்டியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

நோர்தேர்ன் லைனில் லண்டன் பிரிட்ஜ் வரை இருபத்தாறு நிமிடம். பாங்க் வழியாகப் போகும் ரெயினில்தான் ஏறவேண்டும். லண்டன் பிரிட்ஜ் வருவதற்குள் கணவாய்க் கறி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பல்ஹாமில் எனக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கை காலியானது. ஸ்ரொக்வெல்லில் ஒரு கனவான் கண்ணைத் துடைத்தார். பசியாலோ பிரிவாலோ தெரியாது. ஓவலில் ஏறிய நாய் ஒன்று என்னைத் தன் எசமானாக ஏற்றுக்கொண்டு, லண்டன் பிரிட்ஜில் கண்ணீரோடு விடை தந்தது. அங்கே லிஃப்ற் உண்டு. ஜூபிலி லைனில் கானிங் ரவுன், பிறகு டி.எல்.ஆரில் கிங் ஜோர்ஜ் வி. வாசலிலிருந்து வாசலுக்கு, மாறின நேரத்தோடு, ஒரு மணி பதினேழு நிமிடம். டி.எல்.ஆரில் சாரதி இல்லாதபடியால் முன் இருக்கையில் இருந்து நானே ஓட்டிப் போனேன்.

ஸ்ரேஷனிலிருந்து பழைய துறைமுகப் பக்கமாகப் பன்னிரண்டு நிமிட நடை. பக்கத்தில் விமான நிலையம். ஒரு விமானம் என் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கியது. 11.05க்கு வாசலில் ஆரணி நின்றாள். இரண்டு நாள் நித்திரை இல்லாத முகம்.

"வந்திட்டீங்களோ மாமா" என்றாள். அவ்வளவுதான். பையை என்னிடமிருந்து பறித்து இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

உள்ளே ஒரு பெரிய கொட்டகை, அதற்குள் நீச்சல் தடாகம் மாதிரி ஒரு தொட்டி, கரையில் படகு. இந்த இடத்தில் நான் கொஞ்சம் அடங்கிப் பேசுகிறேன். இரட்டை உடம்புப் படகு, பதினாறு மீற்றர் நீளம். முன்பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு, எங்கேயோ போகப் புறப்பட்ட மாதிரி நின்றது. கட்டாத இடங்களில் துளைகள் மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

பெரியவரின் பெயர் சியோனே. என்னிலும் இரண்டு மடங்கு உயரம், நாலு மடங்கு அகலம், குரல் மட்டும் கோயில் குருக்களைப் போல மெல்லிசு. அவர் பேசியது ஆங்கிலம். எனக்குக் கேட்டபடி தருகிறேன். முதல் உருளையை எடுத்து முறுக்கிப் பார்த்தார், நகத்தால் ஒரு தும்பை உரித்தார், சிரித்தார்.

"இது கயிறு."

ஆரணி மூச்சு விட்டாள். சியோனே இரண்டாவது உருளைக்குக் கையை விட்டார். கை நின்றது. சாப்பாட்டுப் பெட்டியை மெல்ல வெளியே எடுத்தார்.

"இது என்ன?"

"கணவாய்க் கறி" என்றேன் பெருமையாக. "நிறைய இருக்கு, உங்களுக்கும் காணும்."

அவர் முகம் மாறியது. கோபம் இல்லை; கவலை. உருளைகளைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"சமைத்த சாப்பாட்டோடு ஒன்றாக வந்த கயிற்றை எங்கள் படகில் கட்டமாட்டோம்."

ஆரணி என்னைப் பார்த்தாள். "மாமா, ரெண்டையும் ஏன் ஒண்டா வச்சீங்கள்?"

"இருந்தது ஒரு பைதானே பிள்ளை."

தயாரிப்பு மேலாளர் ஓடிவந்தார். மெலிந்த மனிதர், கை மணிக்கூட்டைத் தவிர வேறொன்றும் அவருக்குக் கண்ணில் தெரியாது. "கமராவுக்குக் கறி வாசம் தெரியாதே" என்றார்.

"கமராவுக்குத் தெரியாது" என்றார் சியோனே. "ஏறப்போகும் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். அவர்கள் எங்கள் தீவுப் பிள்ளைகள்."

நான் சாதாரணமாகத் தெருவிளக்கோடும் வாதாடுகிறவன். அன்றைக்கு வாதாடவில்லை. ஏனென்றால் கோயிலுக்குக் கொண்டுபோகிற அர்ச்சனைத் தட்டை, மீன் சமைத்த அன்றைக்குப் புஷ்பம் குசினிப் பக்கமே கொண்டுவரமாட்டாள். ஒருமுறை நான் அந்தத் தட்டில் மிக்சர் வைத்துத் தின்றதற்கு மூன்று நாள் பேசவில்லை. இந்த மனிதர் சொல்வது எனக்கு விளங்கியது. விளங்கியதுதான் வில்லங்கம், விளங்காவிட்டால் சண்டை பிடித்திருக்கலாம்.

"கழுவினால் சரிவராதோ?" என்று கேட்டேன். "எங்கட வீட்டிலயும் கழுவித்தான் எடுக்கிறது."

சியோனே யோசித்தார். "குழாய்த் தண்ணீர் சரிவராது. கடல் தண்ணீர் என்றால் சரி."

மேலாளர் போனைத் தட்டினார். கிட்டடிக் கடற்கரைக்குப் போய்வர மூன்று மணித்தியாலத்துக்கு மேலே. ஆரணி நிலத்தில் இருந்துவிட்டாள், அப்படியே கொன்கிறீற்றில்.

வரும் வழியில் நான் பார்த்திருந்தேன்: தேம்ஸ் கரையில் பழைய கல்படிகள், பச்சைப் பாசி, தண்ணீர் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆறு மேல்நோக்கி ஓடினால் தள்ளுவது யார்? கடல்தானே. இதைச் சொன்னேன். சியோனே எழும்பினார். "காட்டு" என்றார்.

ஏழு நிமிட நடை. நானும் அவரும் ஆரணியும், பையை இழுத்துக்கொண்டு. சாப்பாட்டுப் பெட்டி வாசல் காவல்காரரிடம். கடல் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு அட்டவணையில் நிறைபெருக்கு 1.20 என்று ஆரணி போனில் கண்டுபிடித்தாள். அப்போது நேரம் 12.05. காற்று எப்படி என்றால், என் மீசையின் இடது பாதி வலது காதுக்குப் பின்னால் போய் நின்றது.

படியடியில் குனிந்து விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தேன். மேலே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆரணியின் இரண்டு கையும் நெஞ்சில்.

"உப்பு" என்றேன்.

சியோனேயும் இறங்கினார். அவரும் விரலை வைத்தார். இரண்டு பெரிய மனிதர்கள் லண்டன் மாநகரில் விரலைச் சூப்பிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். பிறகு அவர் தலையாட்டினார்.

"கடல் இங்கே வரை வந்து போகிறது. போதும்."

உருளைகளை அவிழ்த்து அலையில் விட்டு, தன் மொழியில் மெல்ல ஏதோ சொல்லிச் சொல்லி அலசினார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை ஆரணி. நனைந்த கயிறு இன்னும் நல்லது, காயும்போது இறுகும் என்றார். கொட்டகைக்குத் திரும்ப 12.50. தீவுக்காரர் ஐந்து பேர் கட்டத் தொடங்கினார்கள். கட்டியதில் பாதி என் கைவண்ணம் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் பிடித்தது ஒரு முனை, அதையும் பிழையான பக்கமாக. 3.10க்குப் பாரந்தூக்கி படகைத் தூக்கித் தொட்டியில் இறக்கியது. பன்னிரண்டு பேர் ஏறினார்கள். ஒரு முடிச்சும் முனகவில்லை.

மேலாளர் ஆரணியைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு ஆறரைக்கு வந்துவிடு."

பிள்ளை என் தோளில் நெற்றியை வைத்து ஒரு நிமிடம் நின்றாள். "மாமா, உங்களில கணவாய் மணக்குது" என்றாள்.

வாசல் படலைக்கு வெளியே, படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடைபாதையில் குந்தியிருந்து மூவரும் சாப்பிட்டோம். சியோனேவுக்குப் புட்டு பிடித்துக்கொண்டது. கறியில் எனக்கு மிஞ்சியது கறிவேப்பிலை. திரும்பும் ரெயின் 5.20க்கு, கூடின கட்டணம், 3 பவுண்ஸ் 80 பென்ஸ். என் வாழ்நாளில் முதல் தடவையாகச் சந்தோசமாகக் கொடுத்தேன். பை காலி, தோள் லேசு, வழி முழுக்க நித்திரை. ரூட்டிங் தாண்டி கோலியர்ஸ் வுட்டையும் தாண்டி மோர்டனில்தான் கண் திறந்தது.

இனி அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு. படப்பிடிப்பைப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் ஆற்றங்கரை நல்ல நடை, வூலிச்சுக்குப் போகும் படகுக்குக் காசில்லை. வற்றுப்பெருக்கு நேரத்தை முதல் நாளே பாருங்கள், பெருக்கில் படிகள் தண்ணிக்குள் போய்விடும், பாசி வழுக்கும். சாப்பாட்டுக்குத் தனிப் பை கொண்டுபோங்கள். மற்றவரின் வீட்டுக்குப் போகும்போது அங்கே எது எதைத் தொடக்கூடாது என்று கேட்பதில் வெட்கமில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி நூறு இருக்கிறது, நாங்கள்தான் எழுதி ஒட்டி வைப்பதில்லை. தேம்ஸ் தண்ணீரை நாக்கில் வைக்கவேண்டாம். நான் இரண்டு நாள் சோடாவோடு வாழ்ந்தேன்.

நாய் அழவில்லை. விமானம் வணங்கவில்லை. மீசை இருந்த இடத்திலேயே இருந்தது. சியோனேயும் என்னைவிட ஒரு சாண்தான் உயரம். ஆனால் ஒரு சின்ன விசயம் மெய். அந்தப் படியில் குனியும்போது, தண்ணீர் என்ன ருசியாக இருந்தாலும் உப்பு என்றே சொல்வதென்று நான் முடிவெடுத்திருந்தேன். மேலே பிள்ளை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பொய் தொண்டை வரைக்கும் வந்து தயாராக இருந்தது. விரலை வைத்தேன். கொஞ்சம்தான், நுனி நாக்கில் மட்டும்தான், ஆனால் உண்மையாகவே உப்புக் கரித்தது.