அக்காவின் மாடுகளுக்கு நான் வாங்கித்தந்த பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழித் திங்கட்கிழமை. நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தேன். மாடுகளைத் தாக்கும் காசநோய்க் கிருமியை ஆராயும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான்தான். நேரில் போய் மாடுகளைச் சோதிக்கும் பொறுப்பை அப்போதுதான் முதல் தடவையாக என்னிடம் கொடுத்திருந்தார்கள். பெருமை தாங்கவில்லை.

கொட்டகை ஓர் அக்காவுடையது. இரண்டு கறவை மாடுகள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பத்து வீடுகளுக்குப் பால் ஊற்றித்தான் அவர் பிழைப்பு. சோதனை சிக்கலானதல்ல. கழுத்தில் இரண்டு இடங்களில் முடியை மழித்து, தோலுக்குள் ஊசி போட்டு, மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளக்க வேண்டும்; வீங்கியிருந்தால் நோய்க்கு அறிகுறி.

மழித்துக்கொண்டிருந்தபோது வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து போகிறவர்களும் நின்றார்கள். "இன்னா சார் பண்றீங்க?" என்று ஒருவர் கேட்டதுதான் தாமதம், பாடமே நடத்திவிட்டேன். மாட்டுக்கும் காசநோய் வரும், பால் வழியாக நமக்கும் தொற்றலாம் என்றெல்லாம் விளக்கினேன். பாலை நன்றாகக் காய்ச்சினால் பயமில்லை, இந்த மாடுகள்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை என்பதை மட்டும் பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஒரு வூட்லயும் பால் வாங்கமாட்டேங்கிறாங்க. கழுத்தப் பாத்துட்டு டிபி மாடுன்னு சொல்லிக்கினு திரியிறாங்க. நோய் இல்லன்னு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

"நாளைக்கு அளந்து பார்த்தாதான்க்கா தெரியும்."

"முந்தாநாளு அவ்ளோ பேசுனீங்களே, அப்ப மட்டும் தெரிஞ்சுதா?"



மறுநாள் அளந்தேன். இரண்டு மாடுகளுக்கும் வீக்கமே இல்லை. அக்காவுடன் குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டு அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். "சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு சார். தப்பா நினைக்காதீங்க" என்றார்.

"பால்ல தண்ணி ஊத்துறன்னு சண்ட போட்டாக்கூட மறுநாளு சொம்ப நீட்டுவீங்களேம்மா!" என்றார் அக்கா.

அந்த அம்மா சிரித்துவிட்டார். ஆனால் பாத்திரம் எடுத்து வரவில்லை. அந்த வாரத்துக்குள் ஆறு வீடுகள் திரும்ப வாங்க ஆரம்பித்தன. நாலு வீடுகள் கடைசிவரை வாங்கவில்லை. அக்கா ஒரு மாட்டை விற்றுவிட்டார்.

வீடு வீடாக அலைந்த அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அவர் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்ட ஆறு மாதமும், வீட்டு ஓனருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்வாரென்று, அம்மா அந்த மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். காசநோய் என்ற சொல்லின் பாரத்தை அந்த ஒற்றை அறை வீட்டில் அனுபவித்து வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லைத்தான் வேலியோரம் நின்றவர்களிடம் அவ்வளவு அலட்சியமாக வீசியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் மாட்டைத் தொடுவதற்கு முன், அதன் பாலை வாங்கும் வீடுகளுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். கூட வேலை செய்பவர்கள் வெட்டி அலைச்சல் என்று கேலி செய்கிறார்கள். நானோ அந்த நோயின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், இதனால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று ஒரு கணம் சுற்றிலும் பார்த்துக்கொள்கிறேன்.