புருஷனுக்கும் ஊசி

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு தாய்சேய் நல நிலையத்தில் நர்சாக இருந்தேன். கர்ப்பிணிகளுக்கு ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்புவோம். மேகநோய், அதாவது சிபிலிஸ், இருந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் அது தாக்கும். பென்சிலின் ஊசி போட்டால் குணமாகிவிடும். ஆனால் புருஷனுக்கும் சேர்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நோய் திரும்பவும் அவளிடமே வந்துவிடும். எங்கள் பக்கம் அதற்குப் ‘பொம்பளச் சீக்கு’ என்று பெயர். அந்தப் பெயரிலேயே பழியை யார் தலையில் கட்டுவது என்பது முடிவாகியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். சிலமலையிலிருந்து வந்த பெண்ணிடம், வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி, “ஒன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, ரெண்டு பேருக்கும் மேகநோய் ஊசி போடணும்” என்று சொல்லிவிட்டேன். பெஞ்சில் அவள் பக்கத்தில் இருந்தவள் எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். அந்தப் பெண் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனவள்தான், திரும்பி வரவில்லை. நான் இரண்டு தடவை சிலமலைக்குப் போய்த் தேடினேன். அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை.

அதன்பிறகு எல்லாக் கர்ப்பிணிகளையும் ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தித்தான் பேசுவேன். ரத்தம் நன்றாக இருந்தாலும் அப்படித்தான். யாருக்கு என்ன என்று வெளியே தெரியாது.

அடுத்த வருடம் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் ஒருத்தி ஆறாம் மாதத்தில் வந்தாள். முன்பு இரண்டு பிள்ளைகள் செத்தே பிறந்திருந்தன. ரத்தத்தில் நோய் இருப்பதாக மதுரையிலிருந்து சீட்டு வந்தது. அவளை உள்ளே கூப்பிட்டு, ரத்தத்தில் கிருமி இருக்கிறது, அது பிள்ளைக்கு ஆகாது, வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட வேண்டும் என்றேன். புருஷனும் வர வேண்டும் என்றதும், “அவரு ஜீப்பு ஓட்டுறாருக்கா. கூப்ட்டா வர மாட்டாரு” என்றாள்.

நானே போனேன். குரங்கணியில் அவன் தோட்டத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“எனக்கு ஒண்ணுமில்லையே நர்சம்மா.”

“இப்ப இல்லண்ணே. கல்யாணத்துக்கு முந்தி புண்ணு ஏதும் வந்து தானா ஆறுச்சா?”

அவன் ஜீப்பின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். “களிம்பு வாங்கிப் போட்டேன். ஆறிப்போச்சு.”

“வெளிய ஆறும். ரத்தத்துல இருக்கும்.”

கயிற்றை விட்டுவிட்டு, “அப்ப அந்த ரெண்டு பிள்ளைகளும்...” என்றான். நான் தலையாட்டினேன். அவன் சக்கரத்தின் மேல் கையை ஊன்றி நின்றான். பிறகு, “வர்றேன். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்” என்றான். என் வாயால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வந்தான். முதலில் தோலில் கொஞ்சம் மருந்து போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே பெஞ்சில் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வாரமும் அப்படித்தான். அன்று அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் உள்ளறைக்கு வந்தாள்.

“அக்கா, இது அவருகிட்ட இருந்து வந்ததுதான?”

“ஒன் மேல தப்பு இல்ல தாயி” என்று மட்டும் சொன்னேன்.

“நீங்க சொல்ல வேணாம். எனக்குத் தெரியும். நான் கேட்டேன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிறாதீங்க. மூணாவது ஊசியும் போட்டு முடிக்கட்டும். இப்ப வாயத் தொறந்தேன்னா ரோசப்பட்டு வராமப் போயிருவாரு.”

எழுதப் படிக்கத் தெரியாதவள். எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தராததை அவள் கணக்காக யோசித்து வைத்திருந்தாள்.

மூன்றாவது ஊசி முடிந்து பத்து நாள் இருக்கும். அவன் மட்டும் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

“கேட்டுட்டா நர்சம்மா. சோறு போட்டு, தின்னு முடிச்ச பெறகு கேட்டா. ஒத்துக்கிட்டேன்.”

“சண்டையா?”

“இல்ல. ரெண்டு நாளாப் பேசல. பெறகு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. ‘ராசியில்லாதவள்னு ஒங்காத்தா என்னைய வைஞ்சுக்கிட்டே இருக்கு. அதுகிட்டப் போயி நீயே சொல்லு’ன்னுட்டா.”

“சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன். பிள்ளைக செத்தது என் சீக்காலன்னு. ஆத்தா அழுதுச்சு. எனக்கும் தாங்கல.”

பங்குனியில் அவளுக்கு எங்கள் நிலையத்திலேயே பெண்குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. குரல் மட்டும் பெரிது. டாக்டரம்மா நோயின் தடிப்பு ஏதும் இருக்கிறதா என்று உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் பார்த்துவிட்டு, ரத்தத்தையும் மதுரைக்கு அனுப்பினார். நோய் இல்லை என்று சீட்டு வந்தது. மாமியார் பிள்ளையைத் தூக்கி மருமகளிடமே கொடுத்தாள்.

சித்திரையில் ஒரு காலை நேரம் இரண்டு ஜீப் டிரைவர்கள் வந்து கர்ப்பிணிகள் பெஞ்சின் ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒருவன் எழுந்து குரலைத் தாழ்த்தி, “குரங்கணி ஜீப்பு அண்ணன் அனுப்பிச்சாரு. கதவச் சாத்திட்டுத்தான் கேப்பீகன்னாரு” என்றான். உள்ளே வரச் சொன்னேன்.