ஒரு செட்டை வெளியே, நாங்கள் உள்ளே

நண்பன் அன்ரன் மன்னாரில் தன் பட்டறையில் செய்த பரிசோதனை விமானத்தைப் பார்க்கப் போனேன். வாலும் இல்லை, உடலும் இல்லை. முழுக்க ஒரே செட்டை, வௌவால் இறக்கை விரித்த மாதிரி.

முதல் பறப்புக்கு முன் கோயில் ஃபாதர் வந்து செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேண்டுமாம். புது வள்ளத்துக்குச் செய்வதுபோல, முற்றத்தில் வைத்து.

"ஒருக்காப் பிடி மச்சான், வெளியில எடுப்பம்."

இருவரும் உள்ளே நின்று நிமிர்த்திப் பிடித்துத் தூக்கினோம். பாதி வெளியே போனது. அகலமான நடுப்பகுதி கதவு நிலையில் இறுகிவிட்டது; முன்னுக்கும் வராது, பின்னுக்கும் வராது. பட்டறைக்கு இருப்பது அந்த ஒரே கதவு.

"தள்ளட்டோ?"

"வேண்டாம், வெடிச்சுப் பிளந்திடும்."

"கழட்டேலாதோ?"

"ஒரே துண்டாத்தான் செய்தனான். அதுதானே இதின்ர சிறப்பு."

ஃபாதர் வந்து வெளியே நின்றார்.

"தம்பிமார், உள்ளுக்கையோ நிக்கிறியள்?"

"ஓம், ஃபாதர்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு வெளியே நின்ற பாதிக்குச் செபம் சொன்னார். மிச்சப் பாதிக்கு, மேலிருந்த இடைவெளியால் தீர்த்தத்தை எறிந்தார். அது என் முகத்தில் விழுந்தது.

நான் வீடு திரும்ப இருந்த, வெள்ளாங்குளத்துக்கான கடைசி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது இப்போது கேட்கிறது.

மன்னாரில் கதவு நிலை பெயர்க்கத் தெரிந்த மேசன் யாராவது இருந்தால் கீழே கொமென்டில் சொல்லுங்கள். விமானம் தெரிந்த ஆள் வேண்டாம். அவர் இங்கே என்னோடுதான் இருக்கிறார்.