ஊருக்கு ஓர் ஆள்

என் உயரத்தைப் பற்றி லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் சனத்துக்கு இருந்த கவலை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பதினாறு வயதிலேயே அப்பாவைத் தாண்டி வளர்ந்துவிட்டேன். கோயிலில் அம்மாவின் சிநேகிதிகள் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு, அம்மாவை இரக்கத்தோடு பார்ப்பார்கள். "இவளுக்கு மாப்பிள்ளை பாக்க ஏணியெல்லோ வைக்கவேணும்" என்று ஒருத்தி சொன்னாள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அம்மா என் கையைக் கிள்ளிப் பிடித்திருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

உயரம் எனக்குக் கொண்டுவந்தது மாப்பிள்ளையை அல்ல, கூடைப்பந்தை. கிழக்கு லண்டனில் ஒரு பெண்கள் அணியில் சேர்ந்து, கூரை ஒழுகும் ஒரு மண்டபத்தில் விளையாடிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு இளையோர் போட்டியில் என்னைப் பார்த்த அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து பெற்றோருடன் பேசவேண்டும் என்றார். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் விளையாடினால் போதும். எனக்கு அதைவிட வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா விடுவாரா என்பது ஒன்றுதான் கேள்வி.

வீட்டுக்கு வந்து பேசுவது என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். அம்மா நோர்பரியில் இருந்த தன் தமையனை வரவழைத்தார். குடும்பத்தில் எந்தச் சம்பந்தம் பேசுவதென்றாலும் முன்னுக்கு நிற்பவர் அந்த மாமாதான். கோட்டும் சூட்டுமாக வந்து நடுச் சோபாவில் அமர்ந்தார். அடுக்களையில் ரோல்ஸ் பொரிந்தது. என்னைச் சேலை கட்டச் சொன்னார்கள். "வேர்த்து வழிஞ்சுகொண்டு நிக்கேக்கைதான் அந்தக் கோச் என்னைப் பாத்தவ" என்று சண்டைபிடித்து, கடைசியில் பஞ்சாபி உடுப்பில் சமாதானமானோம்.

பயிற்சியாளர் என்னைவிட உயரமான, சிரித்த முகமுள்ள பெண். வெறுங்கையோடு வந்தார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. என்னை அடுக்களைக்குள் இழுத்து, "ஒரு பிஸ்கட் பெட்டி கூட இல்லாமல் ஆரும் ஒரு வீட்டை வருவினமே?" என்று கேட்டார், ஏதோ நான்தான் அந்த அமெரிக்கப் பெண்ணை வளர்த்து ஆளாக்கியது போல. நான் போய் நாசூக்காக விசாரித்தேன். ஆள் சேர்க்கப் போகும் பயிற்சியாளர் வீட்டாருக்கு ஒரு டீசேட் கூடக் கொடுக்கக்கூடாது, அது விதி என்றார் அவர். மாமா துள்ளி எழும்பாத குறை. "தங்கச்சி, இது சீதனமில்லாத சம்பந்தம்!" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். அம்மா ரோல்ஸ் தட்டோடு வெளியே வந்தார்.

மாமா நூலகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மைதானத்தைப் பற்றியும் கேட்கவில்லை. எல்லாச் சம்பந்தத்திலும் கேட்பதையே ஆங்கிலத்தில் கேட்டார்: நீங்கள் யாரோடு புழங்குகிறவர்கள், உங்கள் அயல் யார்? எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஆனால் பயிற்சியாளருக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டிருக்கவேண்டும். அமெரிக்காவில் கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து லீக் வைத்திருப்பதையும், ஒரு லீக்கில் இருப்பவர்கள் வருஷா வருஷம் தங்களுக்குள்ளேயே ஊருக்கு ஊர் போய் விளையாடுவதையும் விளக்கினார். ஒரு கடதாசியை எடுத்துத் தங்கள் லீக்கின் ஊர்களைப் புள்ளி புள்ளியாக வைத்தார்.

"இவ்வளவும் பஸ்ஸிலையோ போறது?" என்று அப்பா கேட்டார். அப்பா லண்டனில் பஸ் ஓட்டுநர். ஓம், எல்லாம் பஸ்தான் என்று தெரிந்ததும், அது தன்னுடைய டிப்போவின் கிளை என்பது போல அவருக்குப் பெருமை வந்துவிட்டது. அம்மா நியூ ஜெர்சியில் இருக்கும் தன் தங்கைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். வைத்தார்கள். சின்னம்மாவின் வீடு மற்றப் புள்ளிகளுக்கு நடுவில் விழுந்தது; அங்கிருந்து எல்லா ஊருக்கும் காரில் போய்வரலாம்.

அம்மா அந்தக் கடதாசியை நெடுநேரம் பார்த்தார். "நான் பிள்ளையைத் தனிய விடமாட்டன். அவள் எந்த ஊரிலை விளையாடினாலும் அந்த ஊரிலை எங்கடை ஆள் ஒண்டு இருக்கவேணும். இருந்தால் போகட்டும்" என்றார்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எண்பதுகளில் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் லண்டன் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, கூட்டிப்போக வரவேண்டிய ஆள் வரவில்லை. பாஷையும் சரியாகத் தெரியாமல், ஒரு பகல் முழுக்க ஒரு கதிரையில் இருந்தோம். அதைப் பற்றி அம்மா அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் அவர் எனக்குப் போட்ட நிபந்தனை எல்லாம் அந்தக் கதிரையில் இருந்து வந்ததுதான்.

"இந்தக் கூட்டு நிலைக்குமோ?" என்று மாமா கடைசியாக ஒரு கேள்வி போட்டார். தான் பிறப்பதற்கு முன்பே இருந்த லீக் என்று பயிற்சியாளர் சிரித்தார். அப்பா கையெழுத்து வைத்தார், நானும் வைத்தேன். இனி நான் வேறு கல்லூரிக்குப் போவதென்றால் பெரிய சிக்கல்.

நான் வெளிக்கிடுவதற்கு முன்பே, அடுத்த வசந்தத்தில் அந்தக் கூட்டு உடைந்தது. காரணம் கூடைப்பந்தே அல்ல, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய ஃபுட்போல். அதில் பலத்த கல்லூரிகள் தொலைக்காட்சிக்காரரின் பின்னால் வேறு லீக்குகளுக்குப் போய்விட்டன. மூத்தவன் சொத்தைப் பிரித்துக்கொண்டு போனபின் மிச்சப்பேர் முற்றத்தில் நிற்பது போல நின்ற எங்கள் கல்லூரியை, தெற்கே இருந்த ஒரு லீக் சேர்த்துக்கொண்டது. டெக்ஸஸ், லூசியானா, அலபாமா. இனிப் பஸ் இல்லை, விமானம். சின்னம்மாவின் புள்ளி தனித்துப்போனது. எங்கள் வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்ட பயிற்சியாளரும் வேறு கல்லூரிக்குப் போவதாகத் தொலைபேசியில் சொல்லி அழுதார். நான் வைத்த கையெழுத்து கல்லூரிக்குத்தானாம், அவருக்கு இல்லையாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தேன். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையை இடித்தார். நான் இன்னும் பலமாக அடித்தேன். பிறகு கட்டிலில் விழுந்து அழுதேன். யாரோ முன்பின் தெரியாதவர்கள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, ஃபுட்போலுக்காக என் வாழ்க்கையை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

புதிய பயிற்சியாளர் ஒரு ஆண். தொலைபேசியில் அழைத்து, இடம் உனக்குத்தான், வா என்றார். மாமா உடனே தீர்ப்புச் சொன்னார்: "பேசின ஆளும் இல்லை, பேசின அயலும் இல்லை. சம்பந்தத்தைக் குழப்பிறதுதான் சரி." அப்பா வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "உது என்ன லீக்? ஆகாயத்திலை நடக்கிற லீக்" என்று மடித்து வைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா புது ஊர்களின் பெயரைச் சொல்லு என்றார். மறுப்பதற்குக் காரணம் சேர்க்கிறார் என்றுதான் நினைத்தேன். முறைத்துக்கொண்டே சொன்னேன்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் தொலைபேசி சூடாகவே இருந்தது. வேலையால் வந்ததும் அம்மா கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் இருந்துவிடுவார். "உங்கடை மருமகன் டெக்ஸஸிலை எல்லோ? எந்தப் பக்கம்? அங்கையிருந்து எவ்வளவு தூரம்?" என்று நோர்பரிக் கடைக்காரியிடம் கேட்பார். கடைக்காரி ஒரு மலேசியக் கணக்காளரின் நம்பரைக் கொடுப்பார். அவருடைய தங்கை அலபாமாவில் டொக்டர். முன்பு சவுத்தாலில் தன்னோடு வேலைசெய்த ஒரு பஞ்சாபிப் பெண்ணிடமும் கேட்டு, லூசியானாவில் ஒரு மதுரைக் குடும்பத்தைப் பிடித்தார். ஒரு ஊருக்குத் தமிழரே அகப்படவில்லை, "மலையாளி நேர்ஸ் ஒராள் இருக்கிறா. பரவாயில்லை, பக்கத்து வீடுதானே" என்றார். கல்லூரிக்காரர் ஆள் சேர்த்ததைவிட அம்மா திறமாக ஆள் சேர்த்தார். எந்த ஊர் ஆட்டத்துக்கு யார் வருவது என்று எல்லோரிடமும் வாக்கும் வாங்கினார்.

ஓகஸ்டில் ஒருநாள், முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எல்லா ஊருக்கும் ஆள் பிடிச்சாச்சு. டெக்ஸஸிலை ஒரே ஒரு ஊர்தான் மிச்சம். அதை நான் பாக்கிறன். நீ போ."

"அப்ப மாமா?"

"மாமாவோ விளையாடப் போறார்?"

நான் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். என் உயரத்துக்கு அவர் தலை என் நெஞ்சில் முட்டியது. "விடு, மூச்சு முட்டுது" என்று தள்ளினார்.

முதலாவது வெளியூர் ஆட்டம் லூசியானாவில். வெறும் இருக்கைகளுக்கு நடுவில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் இருந்தார். ஆட்டம் முடிந்ததும் இறங்கி வந்து, "நீதானே லண்டன் பொண்ணு? உங்கம்மா நாலு தடவ போன் பண்ணிட்டாங்கம்மா, வராம இருக்க முடியுமா?" என்று ஒரு டப்பாவை என் கையில் வைத்தார். புளிச்சாதம். உதவிப் பயிற்சியாளர் ஓடி வந்தார். வெளியாரிடம் வீராங்கனைகள் எதுவும் வாங்கக்கூடாது, சொந்தக்காரர் என்றால் சரி என்பது விதி. இவர் யார் என்று கேட்டார். அன்ரி என்றேன். அடுத்த கிழமை அலபாமாவில் ஒரு அன்ரி வந்தார். அதற்கடுத்த கிழமை மலையாளி நேர்ஸ் அன்ரி. உனக்கு அமெரிக்காவில் எத்தனை அன்ரிதான் இருக்கிறார்கள் என்று உதவிப் பயிற்சியாளர் களைத்துப்போய்க் கேட்டார். அம்மாவைத்தான் கேட்கவேண்டும் என்றேன்.

மாசி மாதம் டெக்ஸஸில் அந்த மிச்ச ஊருக்குப் போனோம். பெரிய மண்டபம், சிறிய கூட்டம். பழக்கதோஷத்தில் இருக்கைகளை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். எங்கள் முகம் ஒன்றும் இல்லை. அது வரை அந்தச் சேலைகளுக்காகத்தான் விளையாடிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கைக்கு வந்த பந்தெல்லாம் நழுவியது. தோற்றோம்.

ஹோட்டலுக்கு வந்து வீட்டுக்கு அழைத்தேன். லண்டனில் விடியப்போகும் நேரம். அதிகாலை ஷிப்டுக்கு வெளிக்கிடும் அப்பா எடுப்பார், அம்மாவை எழுப்பவேண்டாம் என்று சொல்லலாம் என நினைத்திருந்தேன். மணி ஒருமுறை அடித்து முடிவதற்குள் அம்மா எடுத்தார்.

"என்னம்மா, நித்திரை கொள்ளேல்லையே?"

"அந்த ஊருக்கு எனக்கு ஒருத்தரும் அகப்படேல்லையெல்லோ" என்றார். "அப்ப நான்தானே இருக்கவேணும்."

வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"மட்ச் முடிஞ்சுதெல்லோ? சரி, வை. நான் படுக்கப்போறன்."