கொச்சியிலிருந்து வந்த தாத்தா

எங்கள் தாத்தா அவனியாபுரம் வீட்டுக்கு ஒரு மினிலாரியில் வந்து சேர்ந்தார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கொச்சியில் பழைய மரச்சாமான்களை ஏற்றி வந்து மதுரைக் கடை ஒன்றில் இறக்கும் டிரைவர் வேலை சித்தப்பாவுக்கு. அந்த முறை ஒரு பீரோவுக்குப் பின்னால் செருகியிருந்த பெரிய ஓவியமும் கூடவே வந்துவிட்டது. வெள்ளைத் தாடி, பெரிய கண்கள், தொப்பி, சரிகை போட்ட நீள அங்கி, மடியில் தடித்த புத்தகம். "எவன் வீட்டுத் தாத்தாவையோ எவன் வாங்கி மாட்டுவான், நீயே கொண்டு போ" என்று கடை முதலாளி சொல்லிவிட, சித்தப்பா அதை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மேலூர்ப் பக்கம் வயல் கூலிக்குப் போனவர். போட்டோ எடுக்க வசதி ஏது? அமாவாசைதோறும் வெறும் சுவருக்கு முன்னால்தான் அம்மா அவருக்கு விளக்கேற்றுவாள். தாடி வைத்திருப்பார், கண் பெரிதாக இருக்கும் என்று பெற்றவள் சொன்னது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த அடையாளம்.

மறுநாள் படம் ஆணியில் ஏறியது. நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே ஒரு முழம் கதம்பம்.

அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏண்டி, உங்கப்பன் சேத்துல நின்ன மனுசன். சரிகை அங்கிக்கு எங்க போனாராம்?"

"செத்த பெறகாவது நல்லதா உடுத்திட்டுப் போறாரு, உங்களுக்கென்ன?"

எனக்குத்தான் கொண்டாட்டம். எங்கள் தாத்தா எம்புட்டுப் பெரிய ஆள் தெரியுமா என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டேன். வீட்டில் கறி எடுத்தால் முதல் கரண்டி அவருக்கு. அப்பாவோடு சண்டை வந்தால் பிராதும் அவரிடம்தான். "பாத்தீகளாப்பா ஒங்க மருமகன" என்பாள் அம்மா. பாவம், எந்த ஊர்ப் பெரியவரோ, எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

ஒரு வருசம்கூட ஆகவில்லை. கடையில் விசாரித்துக்கொண்டு வந்த ஒரு வயதான அம்மாளைச் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டி வந்தார். கொச்சியிலிருக்கும் யூதர். சொந்தபந்தமெல்லாம் இஸ்ரேலுக்குப் போய்விட, மிஞ்சிய சிலரில் ஒருவர். மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகப் பேசினார். படத்தில் இருப்பவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த யூதர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவராம். வீட்டுச் சாமான்களை விற்றபோது பீரோவோடு படமும் தவறிப் போய்விட்டதாம்.

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் குங்குமத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். படத்தை வைத்துக் கும்பிடும் பழக்கம் அவர்களிடம் கிடையாதாம்.

"இவரை யார்னு நெனச்சீங்க?"

"எங்கப்பான்னு" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மதினி, போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிருவோம். பெருசாப் போட்டு மாட்டலாம்" என்றார் சித்தப்பா. அந்த அம்மாளும் சரியென்று தலையாட்டினார்.

"வேணாந்தம்பி. அவுக வீட்டுப் பெரியவரு, அவுக வீட்டுக்கே போகட்டும்."

அம்மாவே படத்தை இறக்கினாள். முந்தானையை நனைத்துக் குங்குமத்தைத் துடைத்தாள். முழுதாகப் போகவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா" என்று அவள் சொன்னதும் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு சித்தப்பாவும் அந்த அம்மாளும் போர்வையில் சுற்றிப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் அம்மா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். வெள்ளிக்கிழமையும் இல்லை, பண்டிகையும் இல்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு மூலையில் போய் உட்கார்ந்தாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேலி பேசும் அப்பா, ஒன்றும் கேட்காமல் கடைக்குப் போய் எங்களுக்கு இட்லி வாங்கி வந்தார்.

சாவு எடுத்த வீட்டில்தான் அப்படிச் செய்வார்கள் என்பதோ, பெற்ற அப்பாவைத் தூக்கிப் போன அன்று அவள் தொட்டிலில் கிடந்தவள் என்பதோ எனக்கு எங்கே உறைக்கும்? தரை வழுக்கென்று இருந்தது. தம்பியும் நானும் சத்தம் போட்டுக்கொண்டு சறுக்கி விளையாடினோம். அம்மா அன்றைக்கு எங்களை வையவே இல்லை. எங்களுக்கு அவ்வளவு சந்தோசம்.