மிச்சம் இரண்டு சி.சி.

போன வெள்ளிக்கிழமை ரசாயன வகுப்பில் எழுந்து நின்று, "சார், உங்கள் கணக்கு தப்பு" என்று சொல்லிவிட்டேன்.

முப்பது பையன்கள், ஒரே ஒரு பெண். நான் எழுந்தாலே வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா?

கணக்கு இதுதான். ஐம்பத்தொரு சி.சி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், நாற்பத்தொன்பது சி.சி. காஸ்டிக் சோடா. இரண்டும் ஒரே வீரியம். கலந்த பிறகு பி.எச். என்ன? பி.எச். ஏழு என்றால் நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் அதிகம். கலக்காத அந்த அமிலத்துக்கு ஒன்று. கலந்ததற்கு சார் போர்டில் 2.7 என்று எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தொன்பதும் நாற்பத்தொன்பதும் சரிக்குச் சரி தீர்ந்துவிட்டன. மிச்சம் இரண்டு சி.சி. அதே அமிலம்தானே? அப்போது விடையும் ஒன்றுதானே? என் அப்பா சுசீந்திரத்து வயல்களில் நெல் அளக்கிறவர். ஐம்பத்தொரு மரக்காலில் நாற்பத்தொன்பது போனால், மிச்ச இரண்டும் பதராகிவிடுமா என்ன?

சாருக்கும் இந்தப் பாடம் புதிது. "திங்கட்கிழமை பார்ப்போம்" என்றார்.

பின் பெஞ்சில் கைதட்டல்! எல்லோரும் 2.7-ஐ அடித்துவிட்டு ஒன்று என்று எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கஞ்சி குடித்தேன். சப்பென்று இருந்தது.

"அம்மா, உப்பே போடலியா?"

"போட்டதுதான் ஏட்டி. மாமன் வந்தாருன்னு ரெண்டு செம்பு வெள்ளம் கூட ஊத்துனேன். காலேஜுக்காரிக்கு நாக்கு நீண்டு போச்சு!"

மாமா சிரித்தார். நான் கஞ்சியைக் கீழே வைத்தேன். போட்ட உப்பு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை... அம்மா கூட ஊற்றிய தண்ணீரில் பானை முழுக்கப் பரவிவிட்டது. என் இரண்டு சி.சி. அமிலமும் அப்படித்தானே, நூறு சி.சி.க்குள் பரவிக் கிடக்கிறது? ஐம்பதில் ஒரு பங்கு வீரியம். லாகரிதம் அட்டவணையைப் புரட்டினேன் — 2.7.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாயை மூடிக்கொண்டால்? முப்பது பேரும் தப்பு விடையோடு பரீட்சைக்குப் போவார்கள். சொன்னால்? 'பொம்பளைக்கு எதுக்கு ரசாயனம்' என்பார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள்கூட இல்லை. அந்தப் பேச்சுக்கு நானே வழி விடவா?

திங்கட்கிழமை சார் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "யோசித்துப் பார்த்தேன்... நீ சொன்னதும் ஒருவேளை..."

"இல்லை சார். தப்பு என்னுடையது." நேரே போய்ச் சாக்குக்கட்டியை எடுத்தேன். கணக்கை முழுக்கப் போட்டு 2.7 என்று எழுதினேன்.

"ஏலே, திரும்பவும் அடிக்கணுமா? நோட்டு கிழிஞ்சிருமே!" — பின் பெஞ்சு.

சார் முகத்திலிருந்து இரண்டு நாள் கவலை இறங்கியது. "யாரம்மா சொல்லித் தந்தது?"

"உப்பு பத்தாத கஞ்சி சார்."

எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று, இந்தப் பத்தியைப் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அது எங்கும் போகவில்லை, வாசகியம்மா. தண்ணீர்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது.